கழுத்துல இருக்கறவ

வளையல் கழட்டியாச்சு, மெட்டி கழட்டியாச்சு, மூக்குத்தித் திருகு மட்டும் வரமாட்டேன்னு அடம் புடிச்சுது, அத்தயும் அந்த சிஸ்டர் பொண்ணு சோப்புத் தண்ணி தொட்டுத் தொட்டு உருவிட்டா, தாலியைத் தொடறதுக்கு முன்னாடியே மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கு கட்டி ரெடியா வெச்சிருந்தா, அத்தக் கழுத்துல கட்டிட்டு அப்பறமாத்தான் சரடை எடுத்தா, கண நேரம் கூட வெறுங்கழுத்தா வுடல, எந்த மகராசி பெத்த பொண்ணோ. எல்லாம் தோ இந்தப் பிளாஸ்டிக் தட்டுல கெடக்கு. கழட்டிப் போட்டா நகை எம்மாம் கொஞ்சமாத் தெரியுது, மேல கெடக்கும்போதுதான் ஊரு கண்ணுக்குப் பெருசு. பாக்கி நீ ஒருத்திதான் அக்கா. "அந்த டாலர் செயினையும் கழட்டிடுங்கம்மா, உள்ள போறப்ப மேல ஒரு குண்டூசி கூட இருக்கக் கூடாது, எல்லாம் காந்தம், உள்ள ஒருத்தர் இருக்காரு, அவர் வெளிய வந்ததும் நீங்கதான்"னு சொல்லிட்டு சிஸ்டர் போய்ட்டா. சரி, கழட்டறேன். கையத் தூக்கிப் பின்னங்கழுத்துக்குக் கொண்டு போறேன், கொக்கி வெரல்ல தட்டுது, கை அங்கயே நின்னுக்கினு இருக்கு. கழட்டுடீன்னா கேக்க மாட்டேங்குது. எறக்கி மடியில வெச்சுக்கறேன். கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம், உள்ள இருக்கறவருக்கு இன்னும் நேரம் ஆவும், மிஷின் டக்கு டக்குன்னு தறி மாதிரி அடிச்சுக்கினு இருக்கு.

இந்த டாலரப் பாக்கறவங்க புருஷன் போட்டோன்னு நெனைப்பாங்க, இல்ல சாமி படம்னு. வர்ற வழியில கார்ல கூட டிரைவர் கண்ணாடில பாத்துட்டு வேளாங்கண்ணி மாதாவான்னு கேட்டான். மாதாவாம். என் வூட்டுக்காரரோட மொத பொண்டாட்டிப்பா, ரேணுகான்னு பேரு, மஞ்சக் காமாலைல போய்ச் சேந்துட்டா, ரெண்டாவதா வந்த நான் அவ மூஞ்சியக் கழுத்துல மாட்டிக்கினு இருக்கறேன்னு சொல்லியிருந்தா வண்டியக் கொண்டு போய்ப் புளிய மரத்துல வுட்டிருப்பான். சுமங்கலியாப் போனவளைப் பூவாடைக்காரின்னு சொல்லி, வருஷத்துக்கு ஒரு தரம் புடவை வெச்சுக் கும்புடறது ஆரணிப் பக்கம் எல்லா வூட்லயும் உண்டு. இவங்க வூட்ல அது பத்தாது. ரெண்டாந்தாரம்னு ஒருத்தி வந்தா, தாலி ஏறின கையோட மூத்தவளை அவ கழுத்துல ஏத்திடணும். மாமியாரோட மாமியார் காலத்துல வெறும் பொட்டுதான் போட்டாங்களாம், தங்கத்துல ஒரு பொட்டு, அதுதான் மூத்தவ. என் காலத்துல போட்டோ வந்துட்டுது, நாகரிகம். மணவறையில இருந்து எழுந்து வெளிய வர்றப்ப மாமியார் முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தத அவுத்தாங்க. எனக்கு மாலை பாரம், சாம்பிராணிப் பொகை, கண்ணு எரியுது, ஏதோ சீர் செய்யறாங்கன்னு கழுத்த நீட்டினேன். ஜில்லுனு நெஞ்சுல வந்து வுழுந்தது. குனிஞ்சு பாத்தா ஒருத்தி என்னப் பாக்கறா. மாமியார் காதுகிட்ட வந்து சொன்னாங்க, "தயா, இவளக் கழட்டாத. இவ உன் மேல இருக்கற வரைக்கும் நீ வேற இவ வேறன்னு நெனைக்க மாட்டா. கழட்டி வெச்சன்னா எம்புள்ளைய எவளோ வெச்சிருக்கான்னு வந்து கூட்டிக்கினு பூடுவா." புள்ளைன்னது ஹேமா. ரெண்டு வயசு. எதுத்தாப்புல சித்தப்பன் இடுப்புல குந்திக்கினு, மூக்க ஒழுக வுட்டுக்கினு, கையில ஒரு லட்டு, என்னயே பாத்துக்கினு இருந்தா.

அப்ப நான் பயப்படல. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்லுவாங்க, நான் பேயோட புருஷனுக்கு வாக்கப்பட்டேன், எத்தனை மரம் ஏறணுமோன்னு எனக்குள்ளயே சிரிச்சுக்கினேன். கோவிச்சுக்காத அக்கா, அப்ப உன்னத் தெரியாது. ராத்திரி தனியா இருக்கச்சொல்ல விளக்குக்கிட்டப் போய் உன்ன நல்லாப் பாத்தேன். முட்டை மாதிரி வட்டம், எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெருசு, சுத்தி முத்து முத்தாத் தங்கம், மேல கண்ணாடி, உள்ள நீ. உங்க கல்யாணப் போட்டோவ வெட்டித்தான் பண்ணாங்க. அந்த வூட்ல இருந்ததே அந்த ஒரு போட்டோதான், சொவத்துல மாட்டினா வர்றவ மூஞ்சி வாடும்னு எறக்கி, ஸ்டுடியோல குடுத்து, தலைய மட்டும் சின்னதாக்கி எடுத்துட்டாங்க. கறுப்பு வெள்ளைக்கு ஸ்டுடியோக்காரன் கலர் பூசியிருக்கான், புடவைக்குப் பச்சை, ஒதட்டுக்கு ரோஸு, ஒதட்டுக் கோட்டத் தாண்டி ஒரு துளி கன்னத்துல இழுத்துட்டான், அதனால எப்பவும் ஒரு பக்கம் லேசாச் சிரிக்கற மாதிரி இருக்கும். எதுக்குடி சிரிக்கறன்னு எத்தனை தரம் கேட்டிருப்பேன். இன்னொண்ணும் இருக்கு. வட்டத்தோட ஓரத்துல, உன் தோளுக்குப் பக்கத்துல, வெள்ளையா ஒரு துண்டு. ரொம்ப நாளைக்கு அது பூன்னு நெனைச்சேன். அவரோட சட்டைக் காலர் அது. வெட்டினவன் அவர முழுசா வெட்டல. என்கிட்ட வந்தப்ப அவருக்குக் காதோரம் நரைச்சிருந்தது, பேச்சு கொறைஞ்சிருந்தது, அரிசி மில்லுல இருந்து வந்தா கால் கழுவுவாரு, சாப்புடுவாரு, படுப்பாரு. அந்தக் காலர் போட்டிருந்த ஆள நான் பாத்ததே இல்ல. அந்த ஆளு உன்கிட்டதான் இருக்கறாரு, டாலருக்குள்ள. வயித்தெரிச்சல்தான், இப்ப ஒத்துக்கறதுக்கு இன்னா. உன் மூஞ்சி மேல எனக்கு ஒரு நாளும் பொறாமை இல்ல, அந்தக் காலர் மேலதான்.

குளிருது. இந்த நீல அங்கிக்கு முதுகுல நாடாதான், காத்து பூந்து வருது, ஏசிய யாருக்குப் போட்டு வெச்சிருக்காங்களோ. மிஷின் நின்னுட்டுது, இல்ல, திரும்ப ஆரம்பிச்சுட்டுது, இப்ப வேற தினுசா ஊதுது. அந்த ஆளு உள்ள இன்னா பண்ணிக்கினு இருப்பாரு, கண்ண மூடிக்கினு சாமி பேர் சொல்லிக்கினு இருப்பாரு. எனக்கு அந்த மிஷின் குகைக்குப் பயமில்ல. காதுல வண்டு மாதிரி ஒரு சத்தம் ஆறு மாசமா கேக்குது, நடந்தா தரை ஒரு பக்கம் சாயுது, போன வாரம் தாளிக்கச்சொல்ல கரண்டி ரெண்டாத் தெரிஞ்சுது, டாக்டர் டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு, தலையும் கழுத்தும் ஸ்கேன் எடுத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும், தள்ளிப் போடாதீங்கன்னாரு. உள்ள ஏதாவது கட்டி கிட்டி இருக்குமோன்னு ஹேமா நெனைக்கறா, வாயத் தொறந்து சொல்லல, மூஞ்சி சொல்லுது. அத்தப் பத்தி எனக்குக் கவலை வரலாம், வர வேண்டியதுதான், ஆனா பாரு, தலையில இன்னா இருக்குன்னு நெனைக்க ஆரம்பிச்சா நெனைப்பு நேராக் கழுத்துக்கு எறங்கி வந்துடுது. கழட்டணும். கழட்டக் கூடாது. கழட்டினா இன்னா ஆவும். ஒண்ணும் ஆவாது. ஆயிட்டா. திரும்பத் திரும்பச் செக்கு மாடு மாதிரி இங்கயே சுத்துது.

ஒரு தரம் ஆயிருக்கே. அத்தச் சொல்லு. ஆடி மாசம், படவேட்டுக் கோயில், கூட்டம்னா கூட்டம், என் கால் தரையில படல, எவனோ முழங்கைய வுட்டு இடிச்சான், கழுத்துல சுருக்குன்னு ஒரு இழுப்பு, கையை வெச்சுப் பாத்தா நீ இல்ல. அப்ப செயின் கெடையாது, கறுப்புக் கயிறுதான். ஐயோ அக்கான்னு கத்தினேன் பாரு, பக்கத்துல இருந்த பொம்பளைங்க எல்லாம் எனக்கு சாமி வந்துட்டுதுன்னு வழி வுட்டாங்க. மண்டி போட்டு, நசுங்கின எலுமிச்சம்பழம், வேப்பந்தழை, எவனோட செருப்போ, எல்லாத்தயும் ரெண்டு கையால தள்ளித் தள்ளித் தேடறேன். பூக்காரம்மா ஒருத்தி, "இந்தாம்மா, இத்தயா தேடற, தங்கச்சியா உனக்கு"ன்னு நீட்டினா. கண்ணாடில ஒரு கீறல் மட்டும். உன்ன வாயில வெச்சுக் கடிச்சுக்கினு பஸ் ஏறினேன். வூட்டுக்கு வந்தா, வாசல்லயே மாமியார் நிக்கறாங்க, உள்ள ஹேமாவுக்கு ஜொரம், கண்ணு மேல சொருவி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயோரம் நொரை. அவர் தூக்கிக்கினு ஓடினாரு, நான் பின்னாடி ஓடினேன், செருப்பு எங்க போச்சுன்னு தெரியல. ஜொரம் தலைக்கேறினா கொழந்தைங்களுக்கு இப்பிடி வர்றது சகஜம்னு டாக்டர் சொன்னாரு. சகஜமாம். நான் உன்னத் தேடிக்கினு இருந்த அதே நேரம்தான் அவளுக்கு இழுத்துதுன்னு மாமியார் சொன்னாங்க. அவங்க கத்தல, திட்டல, அத்தச் சொல்லிட்டு வெத்தலை மடிக்கப் போய்ட்டாங்க. அவளுக்கு ஜொரம் வுட்டதும் பத்தர்கிட்டப் போய் என் கம்மல அழிச்சு இந்தச் செயினப் பண்ணிக்கினேன், கொக்கியக் கெட்டியா வெய்யுங்கன்னு சொல்லி. அதுக்கப்பறம் கழட்டினதே இல்ல. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாலும் நீயும் குளிப்ப, மெருகு போடணும்னா பத்தர் என் கழுத்துல வெச்சே பட்டுத் துணியால தொடைப்பாரு.

ஆனா அக்கா, பயத்துல மட்டுமா இருந்தேன். நீயே சொல்லு. மொதல்லதான் பயம். அப்பறம் பேச ஆரம்பிச்சுட்டேன் உன்கிட்ட. அந்த வூட்ல வேற யார் இருந்தா பேசறதுக்கு, அவர் வாய் தொறந்தா ஆச்சரியம், மாமியார் தொறந்தா ஆபத்து. பாத்திரம் கழுவச்சொல்ல, துணி காயப் போடச்சொல்ல, இன்னிக்குக் கத்திரிக்கா சொத்தை அக்கா, ஹேமா கணக்குல பெயில் அக்கா, உன் புருஷன் திரும்பவும் கொடைய மில்லுல வுட்டுட்டு வந்துட்டாரு அக்கா. நல்லது நடந்தா நம்ம புருஷன், கெட்டது நடந்தா உன் புருஷன். புதுப் புடவைன்னா மொதல்ல உன் மேல தொட்டுட்டுத்தான் கொசுவம். ராத்திரியில மட்டும் செயினத் திருப்பி உன்ன முதுகுப் பக்கம் தள்ளிடுவேன், உனக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். அவரும் அந்த டாலர நேராப் பாத்ததே இல்ல, பேசினா என் நெத்தியப் பாத்துப் பேசுவாரு, இல்ல காது. உன் பேர அவர் வாயால கேட்டதில்ல. ஒரே ஒரு தரம், வத்தக் கொழம்பு ஊத்திச் சாப்புட்டுக்கினு இருந்தவரு, கைய நிறுத்திட்டு, "இது அவ வெக்கற மாதிரியே இருக்குது"ன்னாரு. எனக்கு எப்பிடி எரிஞ்சுதுன்னு உனக்குத்தான் தெரியும். அந்த வருஷம் முழுக்க வத்தக் கொழம்பே வெக்கலயே. அப்பறம் ஒரு நாள் நானா வெச்சேன், உனக்காகத்தான், மனுஷன் நெனைச்சுக்கட்டும், பாவம்னு. அவர் ரெண்டு தரம் போட்டுச் சாப்புட்டாரு. நான் போய்க் கொல்லையில நின்னுக்கினு அழுதேன்.

ஹேமாவ மட்டும் உன்கிட்டக் காட்டினது கெடையாது. காட்டினதுன்னா, இடுப்புல இருக்கச்சொல்ல அவளே புடிச்சு இழுப்பா, வாயில போட்டுக் கடிப்பா, வெளிம்புல அவ பல்லு பட்ட எடம் இன்னும் இருக்குது. வெவரம் தெரிஞ்ச பெறகு தொட வுடல. தொட்டா நீ அடையாளம் கண்டுக்குவன்னு ஒரு பயம். ஆறாவது படிக்கச்சொல்ல எவளோ சொல்லிட்டா, உங்கம்மா உங்கம்மா இல்ல, சித்தின்னு. வூட்டுக்கு வந்து பையக் கூட எறக்காம, "உன்னச் சித்தின்னுதான் கூப்புடணுமாமே"ன்னா. எனக்கு அடுப்புல தோசை. கை பாட்டுக்குத் திருப்பிப் போட்டுது. "தாராளமாக் கூப்புடு, சித்தின்னா தோசைக்கு எண்ணெய் கம்மியாத்தான் ஊத்துவேன், சட்டினி கெடையாது, பொடிதான்"ன்னேன். அவ நின்னு யோசிச்சா. கல்லுல இருக்கற தோசையப் பாத்தா. "சரிம்மா"ன்னுட்டுக் கை கழுவப் போய்ட்டா. அதோட சரி. டாலர்ல இருக்கறது யாருன்னு அவளுக்குத் தெரியும், கேட்டதில்ல, நான் குடுத்ததில்ல. கேட்டிருந்தா குடுத்திருப்பேனா. குடுத்திருக்க மாட்டேன். புள்ளைய நீ கூட்டிக்கினு போயிடுவன்னு மாமியார் சொன்னது சாவுன்னுதான் நெனைச்சுக்கினு இருந்தேன், யோசிச்சுப் பாத்தா அது மட்டும் இல்ல. உன்னக் கையில வாங்கி, உன் மூஞ்சிய அவ நல்லாப் பாத்து, கண்ணாடில போய்த் தன் மூஞ்சியயும் பாத்துட்டான்னா, அப்பறம் நான் யாரு. சோறு போட்டவ. அவ்ளோதான்.

இப்ப அவளுக்கு ஆறாவது மாசம். எத்தனை வருஷம் கழிச்சு, எத்தனை ஊசி, எத்தனை தரம் நின்னு நின்னு கலைஞ்சுது, ஒவ்வொரு தரமும் பெங்களூர்ல இருந்து போன் வரும், பேச மாட்டா, மூச்சு மட்டும் கேக்கும், நானும் பேச மாட்டேன், அப்பிடியே வெச்சுக்கினு குந்தியிருப்பேன். இந்தத் தரம் நின்னிருக்குது. அலையாதடீன்னு சொல்லியும் கேக்காம அவளே கார் வெச்சுக்கினு வந்து என்ன வேலூருக்கு இழுத்துக்கினு வந்துட்டா, வெளிய ஹால்ல வயித்தத் தூக்கிக்கினு அந்த இரும்பு நாற்காலில குந்தியிருக்கா. இந்த நேரம் பாத்தா நான் உன்னக் கழட்டணும். பத்து நிமிஷம் கழட்டிட்டு மாட்டிக்கலாம்னு மனசு சொல்லுது, பத்து நிமிஷம் உனக்குப் பத்தாதா. படவேட்டுல எம்மாம் நேரம் கீழ கெடந்த நீ, ரெண்டு நிமிஷம் இருக்குமா. யார்கிட்ட வுட்டுட்டுப் போவேன் உன்ன. இந்தத் தட்டுலயா, வளையலோட வளையலா. பூட்டற அலமாரி இருக்குதாம், சாவி தருவாங்களாம், இருட்டுல பூட்டி வெச்சா உனக்குக் கோவம் வராதா. அவர்கிட்டக் குடுக்கலாம்னா முட்டி வலின்னு வூட்ல டிவி பாத்துக்கினு குந்தியிருக்காரு. நல்லாத்தான் இருக்கும், மொத பொண்டாட்டி உள்ளங்கையில, ரெண்டாவது பொண்டாட்டி குகையில, நடுவுல அவரு, அப்பயும் நெத்தியப் பாத்துதான் பேசுவாரு. சிரிப்பு வருது. என் தலையில நெசமாவே கட்டி இருந்து, நானும் போய்ட்டா, இந்த வூட்டு வழக்கப்படி மூணாவதா வர்றவ கழுத்துல நம்ம ரெண்டு பேரும் தொங்கணும், நீ முன்பக்கம், நான் பின்பக்கம், அந்தக் கெழவருக்கு வர்றவ கழுத்து தாங்குமா பாவம். வேணாம். ஸ்கேனே வேணாம். தலையில இருக்கறது இருந்துட்டுப் போவட்டும், எனக்கும் வயசு அம்பத்தெட்டு ஆவுது, பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. ஹேமாவுக்குப் பொறக்கறத ஒரு தரம் கையில வாங்கிட்டாப் போதும். அது வரைக்கும் கரண்டி ரெண்டாத் தெரிஞ்சா தெரியட்டும், ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டி. எழுந்து புடவையக் கட்டிக்கினு போய், மிஷின் ரிப்பேராம்டீன்னு சொல்லிடலாம். நம்புவாளா. டக்கு டக்குன்னு சத்தம் அவளுக்கும் கேக்குதே.

சத்தம் நின்னுட்டுது. கதவு தொறந்து ஒரு ஆளு வெளிய வர்றாரு, தலை கலைஞ்சு, தூங்கி எழுந்த மாதிரி. பின்னாடியே சிஸ்டர்.

"தயாவதிம்மா, வாங்க. என்னம்மா, இன்னும் கழட்டலையா?"

"இது வராதும்மா."

"கொக்கி சிக்கிக்கிச்சா? திரும்புங்க, நான் பாக்கறேன்."

"சிக்கல. கழட்டக் கூடாது. எனக்கு ஸ்கேன் வேணாம் சிஸ்டர், நான் போறேன்."

அவ என்ன ஒரு பார்வை பாத்தா. தெனமும் எத்தனை பேர் இப்பிடிச் சொல்லுவாங்களோ, சலிச்சுக்கல. "பயப்படாதீங்க, கூட வந்தவங்களைக் கூப்புடறேன், மிஷின் ரூமுக்குள்ளதான் அவங்க வரக் கூடாது, இங்க வரலாம்"னு சொல்லிக்கினே போய்ட்டா. நான் எழுந்து புடவையத் தேடறேன், சொவத்துக் கொக்கில மாட்டியிருக்குது, கை எட்டல, இந்த அங்கிய ஒரு கையால முதுகுல புடிச்சுக்கினு இன்னொரு கைய நீட்டறேன், தரை சாயுது. அதுக்குள்ள வந்துட்டா. வயிறு மொதல்ல வந்துது, அப்பறம் அவ. மூச்சு வாங்குது.

"என்னம்மா இது, சின்னக் கொழந்த மாதிரி. ஸ்கேன் வேணாம்னியாமே."

"நீ எதுக்கு எழுந்து வந்த. குந்து மொதல்ல."

"நீ சொல்லு மொதல்ல."

சொல்லிட்டேன். இத்தனை வருஷம் பல்லுக்குள்ள வெச்சிருந்தத, அங்கியப் புடிச்சுக்கினு நின்ன எடத்துலயே, ஒரே மூச்சுல சொல்லிட்டேன். என் மாமியார் சொன்னது, படவேட்டுல வுழுந்தது, அவளுக்கு இழுத்தது, இப்ப வயித்துல இருக்கறது, எல்லாம். கழட்டினா அவ வந்து உன்னக் கூட்டிக்கினு போய்டுவாடி, உன்னயும் அதயும், என்னால முடியாதுடீன்னு. சிரிப்பான்னு நெனைச்சேன், படிச்சவளாச்சே. சிரிக்கல. திட்டுவான்னு நெனைச்சேன், அதுவும் இல்ல. கிட்ட வந்து, என் பின்னங்கழுத்துல கைய வெச்சு, "குனிம்மா"ன்னா. குனிஞ்சேன். ஏன் குனிஞ்சேன்னு தெரியல, அவ சொன்னா குனிவேன். கொக்கி லேசா டிக்குன்னுது. கழுத்து ஜிவ்வுன்னு காலியாப் போச்சு, பல்லு புடுங்கின எடத்த நாக்கு தேடுமே, அந்த மாதிரி என் கை அங்கயே தேடுது. நான் அவ வயித்தயே பாத்துக்கினு நின்னேன். இந்த நிமிஷம் இன்னாவோ ஆவப் போவுதுன்னு, மூச்ச வுடாம.

அவ உன்ன உள்ளங்கையில வெச்சுக்கினு ஜன்னல் பக்கம் போனா. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. கட்டை வெரலால கண்ணாடியத் தொடைச்சா, திரும்பப் பாத்தா. எனக்குத் தெரிஞ்சு அவ உன்ன முழுசாப் பாத்தது இன்னைக்குத்தான். மூஞ்சி பாக்கற கண்ணாடியத் தேடுவா, தன் மூஞ்சியோட வெச்சுப் பாப்பா, அப்பறம் திரும்பி என்னப் பாக்கப் போறா, வேற மாதிரி பாக்கப் போறான்னு நான் சொவத்தப் புடிச்சுக்கினேன்.

"அம்மா," ன்னா. என்னப் பாத்துத்தான். "சின்னப் பொண்ணும்மா இவ."

எனக்கு ஒண்ணும் புரியல.

"என் ஆபீஸ்ல புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க இருப்பாங்க, அந்த வயசு. மொகத்துல பரு கூட இருக்கு பாரு."

எட்டிப் பாத்தேன். ஆமா. தாடைக்கிட்ட, ஸ்டுடியோக்காரன் கலர் பூசி மறைச்சிருக்கான், ஆனாலும் தெரியுது, ஒரு பரு. இத்தனை வருஷம் என் கழுத்துல இருந்தவளுக்கு மொகப்பரு இருந்ததே எனக்குத் தெரியாது. நான் தலைகீழாத்தானே பாத்தேன், குனிஞ்சு குனிஞ்சு. நேராப் பாக்கறேன் இப்ப. இருவத்தி ரெண்டு வயசு. என் ஹேமாவுக்கு முப்பத்தாறு. ஐயோ, இவளையா நான் அக்கா அக்கான்னு கூப்புட்டேன், இவளுக்கா பயந்தேன். கழுத்து நெறைய நகையப் போட்டு, தலைய ஆட்டக் கூடாதுன்னு போட்டோக்காரன் மெரட்டியிருப்பான், கண்ண அகலமாத் தொறந்து வெச்சுக்கினு, பக்கத்துல புதுசா ஒரு ஆம்பள, அந்தக் காலரு, யாருன்னே தெரியாத ஆளு, மெரண்டு போய் நிக்கறா. அப்பறம் புள்ளை, அப்பறம் காமாலை, அவ்ளோதான் அவ பாத்தது. இவளா வந்து புள்ளையக் கூட்டிக்கினு போவா. இவளைக் கைப் புடிச்சு ரோடு தாண்ட வுடணும். எம்மாம் பெரிய பழிய இந்தப் பொண்ணு மேல போட்டுட்டாங்க, நானும் சேந்து சொமந்துட்டேன். அழுதேன், பயத்துல இல்ல, எனக்கே ஒரு பொண்ணு பொறந்து இத்தன நாளா கவனிக்காம வுட்டுட்ட மாதிரி.

"போலாமாம்மா, டைம் ஆவுது"ன்னு சிஸ்டர் கதவுகிட்ட நின்னா.

ஹேமா செயினத் தன் கழுத்துல போட்டுக்கினா. எனக்கு நெஞ்சுல தொங்கறது அவளுக்கு வயித்துக்கு மேல வந்து குந்திக்கினுது. நான் தடுக்கல.

"பத்திரமாப் பாத்துக்கடி," ன்னேன். "சும்மா மாட்டி வெக்காத. நான் எப்பவும் அவகிட்டப் பேசிக்கினே இருப்பேன், பேச்சுச் சத்தம் இல்லைன்னா அவளுக்குப் புது எடமா இருக்கும். எதாவது பேச்சுக் குடு."

"இவகிட்டயா? என்னம்மா பேசறது, எனக்கு இவளத் தெரியவே தெரியாதே."

"அவளுக்கு மட்டும் உன்னத் தெரியுமா. ரெண்டு வயசுல பாத்தது. நீதான் பெரியவ, நீதான் ஆரம்பிக்கணும்."

சிஸ்டர் என் கையப் புடிச்சுக்கினா. உள்ள இன்னும் ஜில்லுனு இருக்கு, வெள்ளையா அந்தக் குகை, ஒரு ஆள் படுக்கற அளவு பலகை. தலையில இன்னா இருக்குதோ பாக்கட்டும், பாத்துச் சொல்லட்டும், எனக்கு வேலை இருக்குது, பொறக்கப் போறதக் குளிப்பாட்டணும், இந்த ரெண்டு பேரயும் பாத்துக்கணும். பலகையில குந்தி, சிஸ்டர் கதவச் சாத்தப் போறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்தேன். ஹேமா அதே பெஞ்சுல, நான் குந்தியிருந்த எடத்துல குந்தியிருக்கா. டாலர ரெண்டு வெரலாலத் தூக்கிப் புடிச்சிருக்கா. என்ன பேசறதுன்னு தெரியாம வாயத் தொறக்கறா, மூடறா. அப்பறம், ஊர்ல இருந்து வந்த சின்னப் பொண்ணுகிட்டக் கேக்கற மாதிரி, கேட்டா.

"சாப்டியா?"